இரட்டை மாடம்

மார்ச் 4

அக்காவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதை மட்டும் கடைசிவரை படி.

அப்பா போய்விட்டார். போன மாதம் கடைசி வெள்ளிக்கிழமை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று காலையில் காப்பி வேண்டும் என்றார். நான் கீழே போய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்தேன். மறுநாளே எரியூட்டிவிட்டோம்.

உனக்கு ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா போனதை நீ எனக்கு எப்படிச் சொன்னாய்? எல்லாம் முடிந்த பிறகு ஒரு கார்டில் மூன்று வரி. நானாவது பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

சரி, சண்டைக்கு எழுதவில்லை. ஒரு விவரம் தேவைப்படுகிறது, அதைச் சொல்ல உலகத்தில் உன்னைத் தவிர யாரும் இல்லை.

சாம்பல் வைக்கக் கலசம் வாங்கப் போயிருந்தேன். அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குவது, சொம்பு மாதிரி, குடம் மாதிரி. நாய் பூனைக்குத் தனி வரிசை. கடைக்கார அம்மா முதல் கேள்வியாக, "அவர் என்ன எடை இருப்பாரு?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் நாற்பத்தாறு கிலோ என்று இருந்தது, சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அது நோய் தின்னது போக மிச்சம் சார். நல்லா இருந்தப்போ என்ன எடைன்னு சொல்லுங்க. சதை கரையும், எலும்பு அப்படியே இருக்கும். சாம்பல் எலும்போடதுதானே. சின்னதா வாங்கிட்டுப் போயி மூடி மூடலைன்னு வந்து நிக்கிறவங்க எத்தனையோ பேரு" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. அவர் வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் ஞாபகத்தில் அவர் ஒரு பெரிய முதுகு, அவ்வளவுதான். கதவில் நின்றால் வெளிச்சம் வராது. அது எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? பிறகு நான் அவரைத் தேடிப் போனபோதே பாதி ஆளாகத்தான் இருந்தார்.

அப்புறம் இன்னொன்று. அம்மா பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த நாளில் தொழிற்சங்கத்தின் மூலமாக நினைவு மண்டபத்தில் இருவர் பேரிலும் வாங்கிய, கலசம் வைக்கிற இரட்டை மாடம் அது. ஒரு பாதியில் அம்மா இருக்கிறாள். மறுபாதி அவருடையது. பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் அம்மாவின் கலசம் என்ன உயரம், என்ன நிறம் என்றும் எழுது. பொருத்தமாகப் பார்த்து வாங்குகிறேன்.

இப்போதைக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், நான் கம்ப்ரஸர் சாமான்கள் வைக்கும் அலமாரியில் இருக்கிறார். என் மனைவி அந்த அறைக்குள் துடைப்பத்தோடு போக மாட்டேன் என்கிறாள்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கடிதத்தைத் தையல் கடையில் வைத்துத்தான் படித்தேன். வெட்டிப் போட்ட துணி மேஜை முழுக்கக் கிடந்தது. படித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அழவில்லை. அழுதேன் என்று நினைத்துக்கொண்டு நீ ஆறுதல் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அவர் எடை எண்பத்து நான்கு கிலோ. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சலவைக்குப் போகும் துணியை நிறுக்க ஒரு தராசு இருந்தது. தரையோடு தரையாகப் பெரிய தட்டு. பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போனால் என்னை ஏற்றி நிற்க வைப்பார். பிறகு அவர் ஏறுவார். முள்ளைப் பார்த்துவிட்டு, "எண்பத்தி நாலு கிலோ அழுக்குத் துணி, எழுதிக்கோ" என்பார் சலவைக்காரரிடம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. அவர் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்த காலம்.

எண்பத்து நான்குக்குத் தக்க கலசம் வாங்கிக்கொள். ஆனால் அந்த மாடத்தில் வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. அங்கே இடம் இல்லை. உயரம், நிறம், பொருத்தம் எதுவும் பார்க்க வேண்டாம். எந்த அளவு வாங்கினாலும் அங்கே நிற்காது. அம்மாவின் கலசம் மாடம் முழுக்க இருக்கிறது.

ஆற்றில் விடு, கடலில் விடு, உன் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டி வை. அலமாரியில் கம்ப்ரஸரோடு இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இயந்திரங்களோடுதான் அவருக்குப் பேச்சுவார்த்தை இருந்தது.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நீ சொன்னதை நம்பாமல் நினைவு மண்டபத்துக்கு போன் போட்டேன். பொறுப்பாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஆமா சார், ஒரே கலசம் அடைச்சுக்கிட்டு இருக்கு. பானை மாதிரி. சாதாரணமா இந்த மாடத்துல ரெண்டு ஒல்லிக் கலசம் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ரொம்பப் பெரிய உடம்போ அம்மாவுக்கு?"

அம்மா பெரிய உடம்பா? தையல் மெஷின் பெடலுக்குக் கால் எட்டாமல் பலகை வைத்து உட்கார்ந்தவள். உன் பள்ளிக்கூட யூனிஃபார்மைத் தனக்குப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டவள். அவளுக்குப் பானையா?

இது உன் வேலை. உன் வீம்புக்கு அம்மாவைப் பயன்படுத்திக்கொண்டாய். செத்தவளை வைத்து இடம் பிடித்திருக்கிறாய், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. அவர் ஒருநாள் அங்கே வருவார் என்று தெரிந்துதானே செய்தாய்? உனக்கு அவர்மேல் கோபம் இருக்கலாம். அந்த மாடம் உன் கோபத்துக்குக் கட்டினது இல்லை.

எல்லாத் தப்பும் அப்பா மேல்தான் என்று நீ எப்போதும் சொல்வாய். நான் கேட்ட கதை வேறு. ஆஸ்பத்திரி லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் விழுந்த அன்று, அதற்கு எண்ணெய் போடுகிறவருக்குக் கால் போய்விட்டது. விசாரணைக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?" என்று கேட்டார்கள். "டூட்டிக்குப் போயிட்டாரு" என்று சொல்லியிருந்தால் போதும். "வீட்டுல தூங்கிட்டு இருந்தாரு" என்று சொன்னாள். கட்டின பெண்டாட்டியே சொன்ன பிறகு எந்த அதிகாரி விடுவான்? லைசென்ஸ் போய்விட்டது. அப்புறம் அப்பா உடம்பு முடியாமல் போகும்வரை கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், போகிற வருகிற லாரிக்குக் கேட் திறந்துவிட்டுக்கொண்டு. ஒரே ஒரு பொய். ஒரு மனைவி புருஷனுக்காகச் சொல்லக்கூடிய ஒரே ஒரு பொய்.

போகட்டும். நடந்ததை மாற்ற முடியாது, கலசத்தை மாற்ற முடியும். அம்மாவின் உடம்புக்குத் தக்க ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். அதில் மாற்றி வைத்துவிட்டால் பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கும். அப்பாவுக்குப் பித்தளையில் ஒன்று வாங்கியாகிவிட்டது. ஒல்லியானது. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

நீ கேட்ட கதையை யாரிடம் கேட்டாய் என்பதை எழுதவில்லை. தேவையில்லை. ஒரே ஆளிடம்தான் கேட்டிருப்பாய்.

அந்தக் கலசத்தை நான் வாங்கவில்லை. அம்மா வாங்கினாள். உயிரோடு இருக்கும்போது, தன் காலில் நடந்து போய், தானே பொறுக்கி எடுத்தாள்.

டாக்டர் கையை விரித்த பிறகு ஒருநாள் கடையைச் சீக்கிரமே பூட்டச் சொன்னாள். "வா, ஒரு சாமான் வாங்கணும்" என்றாள். முதலில் மண்டபத்துக்குப் போனோம். மாடத்தைத் திறந்து காட்டச் சொன்னாள். தையல் டேப்பை எடுத்து உள்ளே கையை விட்டு, குறுக்கே ஒருதரம், உள்பக்கமாக ஒருதரம், உயரவாக்கில் ஒருதரம் அளந்தாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "மனசுல இருக்கு" என்றாள்.

பிறகு கடை. கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொம்பு அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "உங்களுக்கு இது தாராளம்மா." அம்மா கடையைச் சுற்றிவந்து, மூலையில் இருந்த பெரிய பானையை டேப் போட்டு அளந்தாள். வயிற்றுப் பக்கம் எவ்வளவு என்று பார்த்தாள். "இது குடுங்க" என்றாள். "அய்யோ, இது கால்வாசிகூட நெறையாதும்மா உங்களுக்கு" என்றார் அவர். அம்மா, "எனக்குக் கொஞ்சம் லூசா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

வெளியே வந்து கேட்டேன், ஏம்மா இப்படி என்று. "நெறையணும்னு இல்ல. பக்கத்துல யாரும் நுழையாம இருந்தா போதும்" என்றாள்.

இப்போது அந்த ஒரே ஒரு பொய். அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பிரேக்கைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கினார். எண்ணெய் போடுகிறவருக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாள். அம்மா பொய் சொல்லியிருந்தால் தப்பு அந்த ஆள்மேல் விழுந்திருக்கும். காலும் போய், வேலையும் போய், பழியும் வந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு அம்மாதான் பட்டன் தைக்கிற வேலை கொடுத்தாள். இன்றைக்கும் என் எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வந்து சொல், ஒரே ஒரு பொய் என்று.

அதற்குத் தண்டனையாக அவர் அம்மாவுடன் பேசுவதை நிறுத்தினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருடம். ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே கூடம். அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டினால் அதுவும் ஒரு பேச்சுத்தானே. "உங்கம்மாகிட்ட உப்பு அதிகம்னு சொல்லு." "உங்கம்மாகிட்ட சாவி கேளு." அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். நான் திரும்பி, "அம்மா, உப்பு அதிகமாம்" என்பேன். எனக்கு அவர் வைத்த பெயர் தபால். "தபால், இங்க வா." நீ சிரிப்பாய். உனக்கு அது விளையாட்டு. எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நீ வளர்ந்தாய்.

அம்மாவுக்கு ஒருதரம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் வீட்டில்தான் இருந்தார். நான் வந்து கதவைத் திறக்கும்வரை அவள் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்குக் கேட்டிருக்கிறது.

அவள் தன் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்தப் பானை ஒன்றுதான். அதை மாற்ற விட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

மணிக்கட்டு விஷயம் எனக்குத் தெரியாது. அம்மா கையில் கட்டோடு இருந்தது ஞாபகம் இருக்கிறது. வழுக்கி விழுந்தேன் என்று மட்டும்தான் சொன்னாள். நீயும் சொல்லவில்லை. என்னிடம் எதையும் சொல்லாமல் வளர்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கோபித்துக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

நான் அப்பாவிடம் போனது உங்களைப் பழிவாங்க இல்லை. வேலை கிடைக்காமல் சுற்றிய நாளில், ஸ்பேனர் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். கிடங்கு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார். இன்றைக்குக் குளிர்பதனக் கிடங்குகளில் என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தக் கை அவருடையது. இதைச் சொன்னதற்குத்தான் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள், ஞாபகம் இருக்கிறதா?

கடைசி வருடத்தில் அவர் வாய் மூடவே இல்லை. நீ நம்ப மாட்டாய். சுவரைப் பார்த்துப் பேசுவார். விடிந்தால் ஆரம்பிப்பார். பழைய லிஃப்ட், பழைய வாடகை வீடு, அம்மா முதல்முதலாகத் தைத்துக் கொடுத்த சட்டையில் ஒரு கை நீளமாக இருந்தது, அதை அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது. என் மனைவிக்கே போதும் போதும் என்று ஆகிவிட்டது. "உங்கப்பா இத்தனை பேச்சை எங்க வச்சிருந்தாரு" என்பாள். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "அவ பக்கத்துல வைங்கடா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். என்ன என்று கேட்டேன். "உன்கிட்ட இல்ல" என்றார்.

கடைக்கார அம்மாவிடம் நிலைமையைச் சொன்னேன். மொத்தக் கதையும் இல்லை, இடம் இல்லை என்பதை மட்டும். உள்ளங்கை அளவில் சின்னக் கலசம் இருக்கிறதாம். ஒரு கைப்பிடி சாம்பல்தான் பிடிக்கும். பிள்ளைகள் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதற்காக வாங்குவார்களாம். மாடம் சதுரம், பானை வட்டம். நான்கு மூலையிலும் கொஞ்சம் இடம் இருக்கத்தான் வேண்டும். ஒரு மூலையில் அந்தச் சின்னதை வைத்துக்கொள்ள விடு. அம்மாவின் பானையை யாரும் தொட வேண்டாம். மீதியை நான் எங்காவது கரைத்துக்கொள்கிறேன்.

எண்பத்து நான்கு கிலோ மனிதருக்கு ஒரு கைப்பிடி இடம் கேட்கிறேன். அதற்குமேல் நான் எப்படிக் கெஞ்சுவது?

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். வாரம் தவறாமல் போகிறவள்தான். மாடத்துக்கு முன்னால் ஒரு மர நாற்காலி இருக்கிறது. உட்கார்ந்து, கடையில் நடந்தது, யார் வந்தார்கள், எந்தத் துணி சாயம் போயிற்று என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வேன். பொறுப்பாளர் பழகிவிட்டார். முதலில் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

மாடத்தைத் திறக்கச் சொல்லி மூலையில் கையை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வாசல் பக்க மூலையில் ஒரு டம்ளர் நிற்கிற அளவு இடம் இருக்கிறது.

சட்டை விஷயம் உண்மைதான். வலது கை நீளம். அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் வேறு மாதிரி ஆகும்.

ஒன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தபோது சொல்லாததை, சாம்பலான பிறகு சொல்ல வருகிறாராம். கேட்கவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அம்மாவின் கோபத்தை அம்மாதான் முழுசாகப் பட முடியும். நான் அவள் சார்பில் காவல் இருக்கலாம், அவ்வளவுதான்.

வை. உள்ளங்கை அளவு, அந்த மூலையில். அம்மாவுக்கு முன்னால், வாசலில், கிடங்குக் கேட்டில் உட்கார்ந்திருந்தாரே, அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். அவள் கூப்பிட்டால் உள்ளே போகட்டும். கூப்பிட மாட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. நானும் கூட இருக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன் யூனிஃபார்ம் ஆர்டர்களை முடித்தாக வேண்டும், இரண்டு மெஷினும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. மே மாதக் கடைசியில் ஒரு நாள் சொல்கிறேன். அதுவரை தொடாதே. பொறுப்பாளரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வந்தால் வீட்டில் தங்கலாம். உன் அறையில் துணி மூட்டைகள் கிடக்கின்றன. எடுத்து வைக்கிறேன்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். நான் போய் வந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "கேட்டில் உட்கார்ந்திருந்தாரே அப்படியே" என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவர் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தது இல்லை, நான் பார்த்திருக்கிறேன். மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. லாரிக்காரப் பையன்கள் "ஏய் பெருசு" என்பார்கள், எழுந்து ஓடிப்போய்த் திறப்பார். செத்த பிறகும் அவரை அங்கேயே உட்கார வைக்க வேண்டும் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? அதை அனுமதி என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. போன திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டேன். சின்னக் கலசத்தை வாங்கி, ஒரு கைப்பிடி சாம்பலை அதில் போட்டுப் பையில் வைத்திருந்தேன். டப்பாவையும் எடுத்துக்கொண்டேன், மீதியைத் திரும்புகிற வழியில் பாலத்திலிருந்து விட்டுவிடலாம் என்று. திட்டம் எதுவும் போட்டுக்கொண்டு போகவில்லை. நீ நம்பினால் நம்பு.

பொறுப்பாளர், "அக்கா வரணும்னு சொன்னாங்களே" என்றார். "அவங்களுக்குத் தெரியும்" என்றேன். பத்திரத்தைக் காட்டினேன். திறந்துவிட்டு, யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மூலையில் சின்னதை வைத்தேன். பானை கொஞ்சம் இடித்தது. நகர்த்தலாம் என்று தூக்கினேன். அக்கா, அது கனமே இல்லை. அவ்வளவு பெரிய பானை, ஒரு கையில் வந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தாள். மீதியெல்லாம் வெறுமை. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டா என் அப்பனுக்கு டம்ளர் அளவு மூலை என்று தோன்றியது.

டப்பாவைத் திறந்து உள்ளே கொட்டினேன். முழுவதையும். சின்னதில் இருந்ததையும்.

அம்மாவுடையது வெளுப்பாக இருந்தது, அவருடையது கொஞ்சம் பழுப்பு. முதலில் தனித்தனியாகத் தெரிந்தது. மூடிவிட்டுத் திரும்ப வைத்தபோது எல்லாம் ஒன்றாகிவிட்டது. அப்போதும் பானை நிறையவில்லை.

மாடத்தை மூடிய பிறகுதான் செய்தது என்ன என்று உறைத்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் கடைக்கு வரலாம் என்று பாதி தூரம் நடந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக நீ தெரிந்தாய். குனிந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தாய். முன்பக்கம் நரைத்துவிட்டது உனக்கு. திரும்பிவிட்டேன்.

அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். புருஷன் பெண்டாட்டிதானே அக்கா. நம் இருவரைவிட அவர்கள் இருவருக்கும்தானே நெருக்கம். கோபம் ஆறியதும் நீயே அப்படி நினைப்பாய். நினைக்காவிட்டால் திட்டியாவது எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


மே 16

நீ செய்ததைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பொறுப்பாளரிடம் பிரிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் நான் எதைக் கேட்கிறேன் என்று புரியாமல் நின்றார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்களுக்குத் தெரியும்னு சொன்னாரேம்மா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மூடியைத் திறந்து காட்டினார். நிறம் பார்த்துப் பொறுக்கிவிட முடியும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கையைக்கூட உள்ளே விட்டேன். எது யார் என்று தெரியவில்லை. கையை எடுத்து எங்கே துடைப்பது என்றும் தெரியவில்லை. துடைத்தால் அம்மாவைத் துடைத்ததாகும். கழுவாமலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்துப் போனேன். அந்தப் பானையை மாடத்தில் வைத்த அன்று நான் ஒரே கையால் தூக்கி வைத்தேன். இன்று இரண்டு கை வேண்டியிருந்தது. வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படியில் நின்றேன். வீட்டுக்கு அம்மா வந்தால் அவரும் வருவார். கூடத்தில் எங்கே வைத்தாலும் அவர் இருப்பார். ஆற்றில் விட்டால் அவரோடு சேர்த்துத்தான் அவளையும் விட வேண்டும். எதைச் செய்தாலும் அவருக்கும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று ஆக்கிவிட்டாய். திரும்ப உள்ளே போய் வைத்துவிட்டேன்.

புருஷன் பெண்டாட்டிதானே என்று எழுதியிருக்கிறாய். அவள் பெண்டாட்டியாக இருந்தது எப்படி என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் போனாய். தெரியாமல் செய்திருந்தால் நான் ஆறியிருப்பேன்.

உனக்கு அவர் பாவம். மழையில் சாக்கோடு உட்கார்ந்திருந்தவர். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. உன் அப்பாவுக்காக நீ அழு. அதற்கு அம்மாவுக்குள் அவரைக் கொட்ட வேண்டுமா? இடம் காலியாக இருந்ததாம். அது காலி இடம் இல்லை. அது அவள் வேண்டாம் என்று சொன்னது. அவள் சொல்லி யாரும் கேட்ட வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நீயும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

என்னிடம் இருந்த மாடத்துச் சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். யார் பெயரில் எழுதிக்கொள்வது என்று கேட்டார். மகன் பெயரில் என்றேன். வருடா வருடம் துடைக்க வேண்டும், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். வந்து பார்த்துக்கொள்.

திட்டியாவது எழுது என்றாய். எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

கிளம்பும்முன் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. பட்டன் தைக்கிறவளின் பெண்ணுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய முதல் யூனிஃபார்மை நான்தான் வெட்டினேன். அம்மா கேட்டால் சந்தோஷப்படுவாள். "அம்மா" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

எழுந்து வந்துவிட்டேன்.